கண்ணு என்கிற சொல்

என் மகள் தன் அப்பாவை விட்டு விலகிப்போனதற்கு லாரிதான் காரணம் என்று ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பியதோடு நிற்கவில்லை. லாரியையே எங்கள் வாழ்க்கையிலிருந்து ஒழித்துப் பார்த்தோம். வாலிபத்திலிருந்து டிப்பர் லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் அதை விட்டுவிட்டு, பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டப் போனார். அப்படியும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டோரப் புளியமரங்கள் மழை பெய்த மறுநாள் மட்டும்தான் பச்சையாக இருக்கும். மற்ற நாளெல்லாம் கல் தூசியில் வெள்ளைதான். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். தைத்து வைத்த துணியை மூடி வைக்காவிட்டால், வாங்க வருகிறவள் புது ஜாக்கெட்டை உதறிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். லாரியை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே லாரியால் சோறு தின்கிற ஊர் எங்கள் ஊர்.

என் மகள் அப்போது ஒன்பதாவது படித்தாள். அரியலூரில் டியூஷன் முடித்து ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே கல் ஏற்றி வந்த ஒரு டிப்பர் வளைவில் சாய்ந்து ஆட்டோ மேல் உரசிக் கவிழ்ந்தது. அந்த லாரிக்கு இரண்டு லாரி தள்ளி என் வீட்டுக்காரர் தன் லாரியில் வந்துகொண்டிருந்தார். மகள் அந்த நேரத்துக்கு வருவாள் என்பது அவருக்குத் தெரியும். இறங்கி ஓடியிருக்கிறார். கல் குவியலுக்குள் கையை விட்டு அவளை இழுத்தெடுத்தவர் அவர்தான்.

அவளுக்கு நெற்றியில் தையல், தோளில் கன்றிப்போன காயம். அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அங்கேயே இறந்துபோனாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பிள்ளைகளின் புத்தகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்களே, அப்படி என் மகளின் பையை மடியில் வைத்திருந்தவள். இன்ன ஊர் என்றுகூட எங்களுக்கு அப்போது தெரியாது. பை மட்டும் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒண்ணும் ஆகலைல்ல, அது போதும். வாசலில் செருப்பை விடும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு வாரத்தில் அதைக் கேட்டாலே கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஏனென்றால் வீட்டுக்குள் என்னவெல்லாமோ ஆகிக்கொண்டிருந்தது.

துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வேனில் ஒரு கூட்டம், அடுத்த பஸ்ஸில் இன்னொரு கூட்டம். யார் யாருக்கு என்ன உறவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே சத்தமாக இருக்கும். அவளுக்கு வந்ததும் அப்படித்தான் வந்தது. தூக்கத்தில் கத்தினாள். விழித்திருக்கும்போதே கல் சரிகிற சத்தம் கேட்கிறது என்றாள். என் தையல் மெஷின் ஓடத் தொடங்கினால் தூக்கிவாரிப்போட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்தேன். புத்தகப் பையைத் தொடமாட்டேன் என்றாள். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. எதிலும் சிரிப்பில்லை. எதற்கெடுத்தாலும் கோபம்.

எல்லாவற்றையும் சேர்த்து எங்களிடம் இருந்த ஒரே சொல் பயம். பிள்ளை பயந்துட்டா. பக்கத்துத் தெருவில் இருக்கிற என் நாத்தனார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். தன் ஸ்கூட்டியில் உட்காரவைத்து லப்பைக்குடிக்காட்டுக்குக் கூட்டிப்போய், அங்கே பள்ளிவாசலில் ஓதி ஊதுகிற பெரியவரிடம் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். பயந்த பிள்ளையை அவரிடம் கூட்டிப்போவது எங்கள் பக்கத்தில் சாதி மதம் பார்க்காத வழக்கம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எது கையில் கிடைத்தாலும் பிடித்துக்கொள்கிற நிலையில் இருந்தேன்.

சில மாதங்களில் கத்தல் நின்றது. கல் சத்தம் கேட்கிறது என்று சொல்வதும் குறைந்தது. மெஷினை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அது ஓடியபோதும் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் சந்தோஷத்தில் கண்கலங்கி, “தெளிஞ்சிட்டா அண்ணி” என்றாள். எங்கள் ஊரில் பயத்துக்குத் தெளிதல் என்ற ஒரே முடிவுதான் உண்டு. கலங்கிய தண்ணீரில் மண் அடியில் இறங்கிவிட்டால் தெளிந்துவிட்டது என்று சொல்கிறோம். மண் எங்கேயும் போகவில்லை, அடியில்தான் இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் கோயிலில் பொங்கல் வைத்து, கறி எடுத்து, சொந்தத்துக்கெல்லாம் சோறு போட்டோம். அந்தக் கூட்டத்தில் என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு இலையில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தாள்.

சத்தம் போட்ட சொந்தம் கிளம்பிப் போய்விட்டது. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த சொந்தம் போகவில்லை. அதைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை.

அவள் சின்ன வயதிலிருந்து கல் சேர்ப்பாள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல் உருவமும் நத்தை உருவமும் பதிந்திருக்கும். ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல் இருந்ததாம். கடலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் எங்கள் ஊரில் கிளிஞ்சல் பொறுக்கி விளையாடுவார்கள். அவள் அப்பா சுரங்கத்திலிருந்து வரும்போது நல்ல உருவமாகப் பார்த்து எடுத்து வந்து கொடுப்பார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தாள். தெளிந்துவிட்டாள் என்று நாங்கள் பொங்கல் வைத்த பிறகுதான் ஒரு நாள் அந்த டப்பாவைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, வெறும் கல்லுதானே என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் அதைப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டு மெஷினுக்கு அடியில் வைத்தேன்.

அப்பா வந்தால் எழுந்து உள்ளே போவாள். அவர் சாயங்காலம் வாசலில் நின்று, கண்ணு, அப்பா வந்துட்டேன் என்பார். அவள் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அதுதான் அவர் வீட்டுக்குள் வருகிற முறை. முன்பெல்லாம் ஓடிப்போய்ச் சாப்பாட்டுப் பையை வாங்குகிறவள், இப்போது அந்தக் குரல் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். லாரியில் வருகிற மனிதரைப் பார்த்தால் அவளுக்கு லாரி ஞாபகம் வருகிறது என்று நாத்தனார் சொன்னாள். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர் மறுநாளே கிளம்பினார். வண்டி முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். காக்கிச் சட்டையைக்கூட நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். கல்லூரிப் பஸ்ஸில் சம்பளம் குறைவு, அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று வந்து நின்று, கண்ணு, அப்பா வந்துட்டேன் என்று அவர் சொல்ல, இவள் அதே மாதிரி கண்ணை மூடி, அதே மாதிரி கதவைச் சாத்தினாள். அன்று அவர் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. உன்னை இழுத்துப் போட்ட கையடி அது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா, கண்ணு, பூ வச்சுக்கிறியா என்று அவளைக் கேட்டாள். என் மகள் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. உள்ளங்கை சில்லென்று இருந்தது. ஏதோ பஸ் ஹாரன் அடித்துவிட்டது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தெளியவில்லை என்பது மட்டும் அன்றைக்கு உறைத்தது. மறுநாளே பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த மனநல ஆலோசகர் என் தங்கை வயது இருப்பார். நான் பயம் என்ற சொல்லோடு போனேன். அவர் அந்த ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டினார். இதெல்லாம் தனித்தனியாக வருவதில்லையாம், கூட்டம் கூட்டமாக வருமாம். கனவு, சத்தம் கேட்பது, நடந்தது மறுபடி கண்முன் ஓடுவது ஒரு கூட்டம். அதை ஞாபகப்படுத்துகிற எதிலிருந்தும் விலகி ஓடுவது இன்னொன்று. எதிலும் பிடிப்பில்லாமல் மனசு மரத்துப்போவது ஒன்று. திடுக்கிடுவதும் எரிந்து விழுவதும் தூக்கம் கெடுவதும் ஒன்று. ஒரு கூட்டத்தில் ஒருத்தர் எழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களும் எழுவார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டும் வரும்.

மாதங்கள் போகப் போக இந்தக் கூட்டங்கள் இடம் மாறும் என்றும் சொன்னார். முதலில் முன்னால் நிற்பது பின்னால் போகும், பின்னால் இருந்தது முன்னால் வரும். சில பிள்ளைகளுக்கு எல்லாம் தானாகவே கலைந்துவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு தங்கிவிடும். தங்கியது சத்தம் போடாததாக இருந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வளர்கிற வயதில் கோபத்தையும் மரத்துப்போனதையும் திமிர் என்று நினைத்துவிடுவார்கள். இவளுக்கு எப்போது போகும் என்று கேட்டேன். தெரியாது என்று நேராகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

துக்க வீட்டுச் சொந்தம் என்று நான் மனசுக்குள் வைத்திருந்த கேலி நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. என் மகளின் சின்னத் தலைக்குள் இத்தனை பேர் வந்து தங்கி, ஒருவரை ஒருவர் எழுப்பி, இடம் மாறி உட்கார்ந்து, சிலர் சொல்லாமல் கிளம்பியும் போயிருக்கிறார்கள். ஒருவரையும் நாங்கள் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தேன், தலை வாரிவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. படைத்தவனை நினைத்துப் பயமா மரியாதையா என்று புரியாத ஒன்று வந்தது.

வாரம் ஒரு முறை போனோம். ஆலோசகர் அவளிடம் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வரிசையாகச் சொல்லவைத்தார். அவசரப்படுத்தவே மாட்டார். டியூஷன் விட்டது, ஆட்டோ ஏறியது, அந்தப் பெண் பையை வாங்கி வைத்துக்கொண்டது என்று ஒவ்வொரு வாரமும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். அவள் கேட்டதால் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் கல் சரிந்ததைத் தாண்டிப் போனாள். அப்பா வந்ததைச் சொன்னாள். அவர் அவளைத் தூக்கி, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். அதன் பிறகு நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“தூக்கும்போது அப்பா என்னம்மா சொன்னாங்க?” என்று ஆலோசகர் கேட்டார்.

“கண்ணத் தொறக்காத கண்ணு, நான் சொல்ற வரைக்கும் தொறக்காதன்னு சொன்னுச்சு” என்றாள். பிறகு, “அப்புறம் தொறன்னு சொல்லவே இல்ல” என்றாள்.

பக்கத்தில் கிடந்த பெண்ணை மகள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸில் அவளை ஏற்றியவர் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். அவரை வேறு வண்டியில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையல் போட்டு முடிக்கிற வரை அவள் கண்ணை மூடியே இருந்தாள் என்று நர்ஸ் அப்போதே என்னிடம் சொன்னார். வலியில் மூடியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த அறையில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வாசலில் அவர், கண்ணு. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு நாத்தனார், கண்ணு, ஒரு வாய். பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா, கண்ணு. கண்டக்டர், டீக்கடைக்காரர், வழியில் போகிற யாரும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் பாப்பா என்பேன். அதனால்தான் என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் லாரியைத் துரத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், காக்கிச் சட்டையை ஒளித்தோம். அந்தப் பயமோ கொஞ்சுகிற சொல்லுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அவள் அப்பாவிடம் வருகிற பாதை அடைபட்டது எங்கள் அன்பால்தான். கல்லுக்குள் கிளிஞ்சல் இருந்த இடம் அப்படியே பதிந்திருப்பதைப் போல, அந்த ஒரு நிமிடம் அந்த ஒரு சொல்லில் பதிந்திருந்தது. இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சின்ன இடத்தில் இருக்க முடியுமா என்று இன்றைக்கும் நினைத்து நினைத்து மலைத்துப் போகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தெளிஞ்சிட்டா என்ற சொல்லையே நான் இப்போது பயன்படுத்துவதில்லை. இப்போதும் அவள் ஆட்டோவில் ஏற யோசிக்கிறாள். பழைய புத்தகப் பை அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் தூக்கம் கெடுகிறது. யார் இருக்கிறார்கள், யார் கிளம்பிவிட்டார்கள் என்று இப்போது எங்களுக்குக் கொஞ்சம் அடையாளம் தெரிகிறது. அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு அப்படிச் சொன்னது ஞாபகமே இல்லை. ஓடியது ஞாபகம் இருக்கிறது, சொன்னது இல்லை. உடனே உள்ளே போய் அவளிடம் பேசப் போனவரை நான்தான் தடுத்தேன். அவள் தயாரான பிறகு, அவளைக் கேட்டுக்கொண்டு பேசலாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அடுத்தடுத்த வாரங்களில் அவரும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளாகவே என்னிடம், அப்பாவை வரச் சொல்லு என்றாள். கொல்லைப்புற வேப்பமரத்தடியில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்ச தூரம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். அத்தனை வருடம் அத்தனை டன் கல்லை ஏற்றி இறக்கிய மனிதருக்கு ஒரு சொல்லை எடுக்க முடியவில்லை.

“அன்னைக்குத் தொறக்காதன்னு சொன்னேன்ல” என்றார். “இப்பத் தொறக்கலாம், கண்ணு.”

அந்தச் சொல் கேட்டதும் அவள் கண் மூடிக்கொண்டது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். ரோட்டில் ஒரு டிப்பர் காலியாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அவள் அதற்கு அசையவே இல்லை. கண்ணை மூடியபடியே கேட்டாள்.

“அந்தக்கா போயிட்டாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“போயிட்டாங்க கண்ணு” என்றார். “அவங்க வூட்டுல வந்து கூட்டிட்டுப் போயி எல்லாஞ் செஞ்சுட்டாங்க.”

வேப்பம்பூ அவள் தலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் தட்டிவிடவில்லை. இமைகள் முதலில் நடுங்கின, பிறகு பிரிந்தன. வெயில் கூசியது போலும், கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் பார்க்காமல் இருந்த முகம். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அப்பா, உனக்கு மீசையெல்லாம் நரைச்சுப்போச்சு” என்றாள்.